மேல்தண்ணீர்

இறக்கக்கண்டியில் கிணறு என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பூவல்தான் இருந்தது. மணலில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி. மணல் சரிந்து மூடாமல் இருக்க, அடி வெட்டிய தார்ப் பீப்பா ஒன்றை உள்ளே இறக்கியிருப்பார்கள். பீப்பாவின் அடியில் ஒரு முழத் தண்ணீர் நிற்கும். அதைச் சிரட்டை அகப்பையால் மேலாக, கலக்காமல் அள்ள வேண்டும். கயிறு கட்டிய வாளியைத் தூக்கிப் போடுகிறவனை அந்த ஊரில் யாரும் மதிப்பதில்லை.

கிழக்கே கடல். மேற்கே கடல்நீர் தேங்கி நிற்கும் களப்பு. இரண்டும் உப்பு. நடுவில் நடந்தால் பத்து நிமிடத்தில் கடந்துவிடக்கூடிய மணல். மாரியில் பெய்த மழை அந்த மணலுக்குள் நின்றது. ஊர் அதை அடுத்த மாரி வரைக்கும் குடித்தது.

நான் குணரத்தினத்தின் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தேன். அது தொண்ணூற்றாறு. என் மனைவி அதற்கு முந்தின வருடம் இறந்துவிட்டாள். பஸ்ஸில் போனாள். பாதையில் கண்ணிவெடி இருந்தது. அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லப் பழகியிருந்தேன். ஆஸ்பத்திரியில், பொலிசில், கல்விக் கந்தோரில், எல்லா இடத்திலும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

குணரத்தினம் கடற்தொழில் செய்கிறவர், கல்யாணம் கட்டித்தான் இந்த ஊருக்கு வந்தவர். மனைவி குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். காலை ஆறுக்கு முன்னால் வள்ளம் இறக்கக் கூடாது, பின்னேரம் நாலுக்குப் பிறகு கடலில் நிற்கக் கூடாது என்று நேவி நேரம் வைத்திருந்தது. அந்த நேரத்தில் மீன் வருவதில்லை. அவர் எரிச்சலோடு போய் எரிச்சலோடு கரைக்கு வருவார்.

வைகாசி முடிவில் அவருடைய தமக்கை பூரணி குடும்பத்தோடு வந்து இறங்கினாள். அவளை ஈச்சிலம்பற்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவர் தம்பிராசா கமக்காரர். பத்து ஏக்கர் வயலும் ஒரு பட்டி எருமையும் வைத்திருந்தவர். ஷெல்லில் வீடு போனது, பட்டி சிதறிப் போனது. மருமகன் வயலைப் பார்த்துவரப் போனவன் திரும்பவில்லை. மிச்சம் நாலு பேரும் நகரத்து முகாம் ஒன்றில் மூன்று மாதம் கிடந்தார்கள். அங்கே மகள் கமலேஸ்வரியின் ஒன்றரை வயதுப் பெண்பிள்ளை வயிற்றோட்டத்தில் செத்தது. கமலேஸ்வரி அப்போது மறுபடியும் வயிற்றில் வைத்திருந்தாள். அதற்கு மேல் பூரணி முகாமில் இருக்க மாட்டேன் என்று வெளிக்கிட்டு வந்துவிட்டாள்.

வந்த அன்றே குணரத்தினம் சொன்னார்:

"அத்தான், ஒரு கதை. மூலைக்காணியில கொட்டில் போட்டு இருங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. உங்களுக்கெண்டு ஒரு பூவலும் தோண்டித் தாறன். ஆனா சிரட்டையாலதான் அள்ளவேணும். ஆளுக்கு ஒரு குடம். குளிக்கிறதுக்குக் களப்போரம் வேற குழி இருக்கு."

"ஆளுக்கு ஒரு குடமோ?" தம்பிராசா பூவலை எட்டிப் பார்த்தார். "எங்கட எருமை ஒருக்கா மூத்திரம் பேயிறது இதைவிடக் கூட, மச்சான்."

பூரணி சிரித்தாள். குணரத்தினம் சிரிக்கவில்லை.

"அப்ப எருமையிட்டப் போய்க் குடியுங்கோ."

தம்பிராசாவுக்குச் சும்மா இருக்க ஏலாது. கடலுக்கு ஒரு நாள் போனார், வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார். வலை இழுக்கும் இடத்தில் நின்றார், கயிறு கையை அறுத்தது. ஆனி மாதம் முழுக்க வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். பிறகு களப்போரம் இருந்து தலைச்சுமையாகச் சேறு கொண்டுவந்து கொட்டினார். ஆட்டுப் புழுக்கை பொறுக்கினார். கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் ஆறு பாத்தி கட்டி மிளகாய்க் கன்று நட்டார். கச்சான் காற்று மேற்கேயிருந்து பகல் முழுக்க அடித்தது. அது கன்றை மணலால் மூடும். அவர் காலையில் ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுவார்.

மத்தியானத்தில் எல்லோரும் குணரத்தினத்தின் குசினியில்தான் சாப்பிட்டார்கள். பூரணி சமைத்தாள். அந்த நேரத்துச் சண்டை எனக்குப் பழகிப்போனது.

"பாரை மீன். ஊரில ஒருத்தனுக்கும் கிடைக்கேல்ல இண்டைக்கு," என்பார் குணரத்தினம். "அத்தான் முகத்தைப் பாருங்கோ, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி."

"மீனில பிழை இல்லை. சோத்திலதான். நிவாரண அரிசி, புழு நாத்தம். எங்கட வயல் அரிசி எண்டா வெறும் தயிரோட உள்ளுக்குப் போகும். தயிரெண்டா சட்டியைக் கவிட்டாலும் விழாது."

"அந்தத் தயிரும் அரிசியும் இப்ப எங்க?"

"மச்சான், சாப்பிடேக்க அதைக் கேட்காதை."

"நீங்கதானே கதைச்சனீங்கள். நான் கேட்டா மட்டும் கூடாதோ?"

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு தின்னுங்கோ," என்பாள் பூரணி. "மாஸ்டரைப் பாருங்கோ, என்ன போட்டாலும் ஒரு சொல்லுச் சொல்லமாட்டார்."

"மாஸ்டருக்கு நாக்கில ருசி செத்துப் போச்சு," என்பார் குணரத்தினம். அது உண்மைதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் றுக்கியா இருந்தாள். கணவர் அபூதாஹிரும் கடலுக்குப் போகிறவர்தான், ஆனால் அந்தக் காலத்தில் வீடு அவளுடைய இடியப்பத்தில்தான் ஓடியது. விடியப்புறம் அவித்து, பெட்டியில் அடுக்கி, நிலாவெளித் தேநீர்க் கடைகளுக்கு அனுப்புவாள். அவளுடைய பூவல் வேலியோரம், தம்பிராசாவின் பூவலிலிருந்து முப்பது அடி. தம்பிராசா பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவதை அவள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"குணம் தம்பி, உங்கட அத்தான் குடிதண்ணிய மொளகாய்க்கு ஊத்துறார். கேட்கமாட்டியளா?"

"அவர் குடிக்கிறதைக் குறைச்சு ஊத்திறார், ராத்தா. கொஞ்சம் பொறுங்கோ."

"பொறுக்கிறன். ஆவணியில பாப்பம்."

அவளுடைய மகள் ஜெஸீமா என் பத்தாம் வகுப்பில் இருந்தாள். அந்தத் தவணை பாடம் மாவட்டத்தின் தரைத்தோற்றம். நான் கரும்பலகையில் படம் கீறினேன். தெற்கே மகாவலி கொண்டுவந்து கொட்டிய வண்டல், தோப்பூர், ஈச்சிலம்பற்று, வயல். மேற்கே செம்மண், காடு, குளங்கள். நடுவில் துறைமுகம். கல்மலை நேராகக் கடலுக்குள் இறங்குவதால் அங்கே ஆழம். வடக்கே நாங்கள், மணல்மேடு. பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தப் படத்தில் பாதி இடத்தைக் கண்டதில்லை. கொட்டியாரக் குடாவுக்கு அங்கால் போகப் பாஸ் வேண்டும், பாஸ் கிடைத்தாலும் யாரும் போகமாட்டார்கள்.

ஒவ்வொரு நிலத்துக்கும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கீறிக் காட்டினேன். வண்டலில் ஆழத்தில் நிற்கிறது. அங்கே மேலே வருவது கழிவுத்தண்ணீர், தோண்டத் தோண்டத்தான் நல்லது. கடற்கரை மணலில் மறுவளம். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. நடுவில் தடிப்பாக, ஓரத்தில் மெல்லிதாக, ஒரு அப்பத்தைப் போல. ஆழமாகத் தோண்டினால் உப்பு. ஒரே இடத்தில் கடுமையாக இறைத்தாலும் அடியிலிருந்து உப்பு ஏறிவரும்.

"சேர், இதை எங்கட உம்மா படிக்காமலே சொல்லுவா," என்றாள் ஜெஸீமா. வகுப்புச் சிரித்தது.

அது ஆவணி முதல் கிழமை.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தம்பிராசா பூவலுக்குள் நின்றார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் அடி வெட்டிய இன்னும் இரண்டு பீப்பா கிடந்தன. எங்கே தேடி எடுத்தாரோ. உள்ளேயிருந்து மணலை வாளியால் அள்ளி வெளியே வீசினார். மணல் குறையக் குறையப் பீப்பா தன் பாரத்தில் கீழே இறங்கியது. அவர்கள் ஊரில் கிணற்றுக்கு வளையக் கொட்டு இறக்குகிற முறை அது. வேலை சுத்தமாக இருந்தது.

"மாஸ்டர்," என்றார். வந்த பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது. "தண்ணி நல்லா வத்திப் போச்சு. மிளகாய் பூக்கிற நேரம். பிள்ளையும் பிறக்கப் போகுது, பிள்ளைபெத்த வீட்டுக்கு ஒரு குடம் காணுமோ? இந்தக் கரைச்சனங்கள் விசர்ச்சனங்கள். மேல்தண்ணியை நக்கிக்கொண்டு இருக்குதுகள். எங்கட பக்கத்தில அடித்தண்ணிதான் தண்ணி."

நான் நின்றேன்.

"நீங்கள் படிச்சனீங்கள். இன்னும் மூண்டடி போனா நல்ல ஊத்துக் கிடைக்கும், என்ன?"

என் கையில் அந்தப் படம் கீறிய கொப்பி இருந்தது.

"தெரியாது," என்றேன்.

"ஓம், நீங்கள் பாவம், புத்தகத்தில படிச்ச ஆள். மண்ணில நிண்டாத்தான் தெரியும்." அவர் மறுபடி குனிந்தார்.

நான் உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். வாளி மணலில் உராயும் சத்தம் கேட்டது. பூரணி தேத்தண்ணி கொண்டுவந்தாள். குணரத்தினம் அந்த மூன்று நாளும் தென்பக்கக் கரையில் மீன்வாடியில் தங்கியிருந்தார். கேட்க வேறு ஆள் இல்லை. எழும்பிப் போய் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு அடி தூரம்தான். ஏன் போகவில்லை என்று பிறகு பல தடவை யோசித்தேன். கோபம் இல்லை, பயம் இல்லை. அவர் தோண்டினார், நான் இருந்தேன்.

முதல் இரண்டு நாளும் தண்ணீர் நிறைய வந்தது. தம்பிராசா வாளியால் இறைத்துப் பாத்திகளை நனைத்தார். மகளைக் கூப்பிட்டு, "அள்ளு, பிள்ளை. எண்ணாமல் அள்ளு," என்றார். கமலேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, பல நாளைக்குப் பிறகு தலைமுழுகினாள்.

மூன்றாம் நாள் காலை றுக்கியா வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தாள். இரவு கரைக்குத் திரும்பியிருந்த குணரத்தினம் முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவள் கையில் ஒரு செம்பு, பின்னால் ஜெஸீமா இடியப்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"குணம் தம்பி, இந்தா, வாயில வெச்சுப் பாருங்க. இது தண்ணியா?"

குணரத்தினம் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"அவிச்ச அம்புட்டும் திரும்பி வந்திரிக்கி. கடைக்காரன் கேக்கிறான், மாவை என்ன கடல்லயா குழைச்ச எண்டு. பதினெட்டு வருசமா நான் அள்ளுற பூவல். ஒரு நாள் கரிச்சதில்ல. யா அல்லாஹ், இந்த மனிசன் என்ன செஞ்சாரு எண்டு கேளுங்க."

குணரத்தினம் மூலைக்காணிக்கு நடந்தார். பீப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பீப்பா. கையை விட்டு அள்ளி நக்கினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

"எத்தினை அடி இறக்கினீங்கள்?"

"ஒன்பது," என்றார் தம்பிராசா. "இன்னும் கொஞ்சம் இறைச்சா தெளியும், மச்சான். புதுக் கிணறு எண்டா முதல்ல அப்பிடித்தான். ரெண்டு நாள் இறைச்சுக் கழிக்கவேணும்."

"தெளியுமோ? நீங்க இறைச்சு இறைச்சுக் கடலை உள்ளுக்கு இழுத்துப் போட்டீங்கள். அத்தான், இது மணல். இஞ்ச எல்லாற்ற தண்ணியும் ஒரு தண்ணி. நீங்க இஞ்ச கிண்டினா அங்க கரிக்கும்."

"வேணுமெண்டுதான் செஞ்சது," என்றாள் றுக்கியா. "நான் மொளகாய்க்கு ஊத்தாதீங்க எண்டு சொன்னன். அந்தக் கோவத்தில செஞ்சது."

"உப்பு நான் கொண்டு வந்தனானோ?" தம்பிராசாவின் குரல் உயர்ந்தது. "கடல் உங்கட வாசல்ல கிடக்கு. எனக்கு எப்பிடித் தெரியும்? நான் கேட்டுத்தானே தோண்டினனான்!"

"ஆரிட்டக் கேட்டீங்கள்?"

"மாஸ்டரிட்ட."

எல்லோரும் திரும்பினார்கள். நான் வாசற்படியில் நின்றேன்.

"மாஸ்டர் என்ன சொன்னவர்?"

"தெரியாதெண்டவர்."

"சேருக்குத் தெரியும்," என்றாள் ஜெஸீமா. இடியப்பப் பெட்டி இன்னும் கையில் இருந்தது. "போன கிழமை எங்களுக்குக் கீறிக் காட்டினவர். அப்பம் மாதிரி மிதக்கும் எண்டு. தோண்டினா உப்பு எண்டு. சேர், ஏன் சேர்?"

காற்று கிடுகில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஓம்," என்றேன். "எனக்குத் தெரியும். அவர் கேட்டவர். நான் சொல்லேல்ல."

"ஏன்?" என்றார் குணரத்தினம்.

அதற்குத்தான் உண்மையில் எனக்குத் தெரியாது.

றுக்கியா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படிப்பிக்கிற மனிசன்," என்று மட்டும் சொன்னாள். அந்த இரண்டு சொல்லையும் துப்புகிற மாதிரிச் சொன்னாள்.

பூரணி கொட்டில் வாசலில் இருந்து எழுந்து வந்தாள். எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் சமைத்துப் போட்டவள்.

"மாஸ்டர், உங்கட மனிசி செத்தது எங்களுக்குத் தெரியும். நாங்களும் செத்த வீட்டாலதான் வந்தனாங்கள். ஒரு சொல்லு. ஒரு சொல்லுச் சொல்ல என்ன செலவு உங்களுக்கு?"

தம்பிராசா என்னைப் பார்க்கவே இல்லை. பீப்பா விளிம்பில் இருந்த ஈரமணலை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

குணரத்தினம் தன் பூவலுக்குப் போய் அள்ளிக் குடித்துப் பார்த்தார். அது வீட்டுக்கு அந்தப் பக்கம், தூரத்தில். இன்னும் கரிக்கவில்லை. திரும்பி வந்து முற்றத்தில் குந்தினார். தடியால் மணலில் கோடு கீறினார்.

"மழைக்கு இன்னும் ரெண்டு மாசம். என்ர பூவல் ஒரு நாளைக்கு நாலு குடம் தாங்கும். அதுக்கு மேல அள்ளினா அதுவும் போகும். ராத்தா வீட்டுத் தண்ணி எங்களால போனது. அவைக்கு ரெண்டு குடம் குடுக்கோணும். அது முதல். எனக்கு ஒண்டு. மாஸ்டருக்கு ஒண்டு." நாலு கோடு. தடியை வீசினார். "அக்கா, நான் என்ன செய்ய?"

பூரணிக்கு விளங்கியது. "முகாமுக்கோ?"

"மழை பெஞ்சோன்ன வந்து கூட்டிக்கொண்டு வாறன்."

"அங்க ஒண்டைப் புதைச்சிட்டு வந்தனாங்கள், குணம். இவளுக்கு இன்னும் மூண்டு கிழமை."

"இவரைத் தோண்டச் சொல்லி நானோ சொன்னனான்? களிமண்ணில பிறந்து களிமண்ணாவே..."

"வாயை அடக்கு!" என்றாள் பூரணி. "அந்த மனிசன் வேலை செய்ததுதான் பிழை. மற்ற ஆம்பிளையள் மாதிரிச் சும்மா இருந்திருந்தா நீ மதிச்சிருப்பாய்."

நான் சொன்னேன்: "என்ர குடத்தை அவைக்குக் குடுங்கோ. நான் பள்ளிக்கூடத்துக்குப் போறன். அங்க சாமானறையில படுக்கலாம்."

"ஒரு குடம், மாஸ்டர்," என்றார் குணரத்தினம். "அவை மூண்டு பேர்."

கொட்டிலுக்குள் கமலேஸ்வரி இருமுவது கேட்டது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்ப ஒராள்," என்றாள் பூரணி. "பிள்ளை நிக்கட்டும். மாஸ்டரிட அறையில கிடக்கட்டும்." பிறகு வேலிப் பக்கம் திரும்பினாள். "றுக்கியா, நீங்க என்னைப் பேசுங்கோ, அவரைப் பேசுங்கோ. இவளுக்குப் பிள்ளைவருத்தம் வந்தா ஒருக்கா எட்டிப் பாப்பீங்களோ?"

றுக்கியா ஜெஸீமாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தன் இடுப்பில் வைத்தாள்.

"மருத்துவிச்சிய கூப்பிடுவன்," என்றாள். "வேற ஒண்டும் என்னட்டக் கேக்காதீங்க." பிரித்த வேலியால் போனாள். வேலியை அவர்கள் அன்று கட்டவில்லை, பிறகும் பல நாள் கட்டவில்லை.

மத்தியானம் தம்பிராசா குழியை மூடத் தொடங்கினார். நானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே இருந்த இரண்டு பீப்பாவையும் இழுத்து எடுத்தோம். அடியில் போனது வரவில்லை. மணலை உள்ளே தள்ளினோம். மூடினால் மாரி முடிய நல்ல தண்ணீர் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் மண்வெட்டியை என் காலுக்குப் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார். நான் பேசாமல் மணலைத் தள்ளினேன்.

பிறகு அவர் பாத்திக்குப் போனார். மிளகாய் இலைகள் உப்பில் சுருண்டிருந்தன. பூ கொட்டியிருந்தது. ஒவ்வொரு கன்றாகப் பிடுங்கி, வேரில் இருந்த மணலைத் தட்டி, வரிசையாக வைத்தார். அறுபத்திரண்டு கன்று. பிடுங்கி முடித்து அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அடுத்த நாள் காலை நான் என் பெட்டியைக் கட்டினேன். கமலேஸ்வரி வந்து அறை வாசலில் நின்றாள். அலுமாரியைக் காலியாக்கிக் கொடுத்தேன். என் மனைவியின் சீலைகள் இரண்டு அதில் இருந்தன. எடுக்கவா விடவா என்று யோசித்தேன். பிள்ளைக்குத் துணி வேண்டும். விட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பூரணி குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். வழக்கமான பித்தளைக் குவளை.

"குடியுங்கோ, மாஸ்டர்."

முதல் வாயிலேயே தெரிந்தது. மூடின குழியின் தண்ணீர். முந்தின நாள் அள்ளி வைத்த குடத்திலிருந்து காய்ச்சியிருந்தாள். அவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். சீனி போட்டிருந்தாள். அது உப்பை இன்னும் கூட்டிக் காட்டியது. ஒரு வருடத்துக்குப் பிறகு என் நாக்கில் ஒரு ருசி வந்தது. முழுக்கக் குடித்தேன். அவள் குவளையை வாங்கிக்கொண்டு போனாள்.

பஸ் ஒன்பது மணிக்கு. செக்பொயின்ரில் எல்லோரையும் இறக்கி ஏற்றுவதால் எப்போதும் பிந்தும். நான் என் பெட்டியோடு பள்ளிக்கூடம் போகும் வழி அதுதான். தம்பிராசாவும் பூரணியும் வீதியோரம் நின்றார்கள். ஒரு உரப்பை, ஒரு சட்டி, சாக்கில் சுற்றிய மண்வெட்டி. குணரத்தினம் கடலுக்குப் போய்விட்டார். போகாவிட்டால் அன்றைக்கு நேரம் தப்பிவிடும் என்று சொன்னாராம். கமலேஸ்வரி வரவில்லை. வீட்டில் ஒரு குடத்துக்குக் காவல் இருந்தாள்.

நான் பெட்டியை வைத்துவிட்டு நின்றேன். கச்சான் காற்று வீதியில் மணலை இழுத்துக்கொண்டு போனது. தம்பிராசா வடக்கே பஸ் வருகிற பக்கம் பார்த்தபடி, முந்தின நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னோடு பேசினார்.

"மாஸ்டர். முகாம் வளவில கிணறு வெட்டோணும் எண்டு கதைச்சவங்கள். நாங்கள் இருக்கேக்க ஒருத்தனும் வெட்டேல்ல. அங்க கீழ என்ன?"

"கல்," என்றேன். "அந்த வளவு எனக்குத் தெரியும். பத்தடிக்குள்ள கருங்கல் வரும். நேர கீழ போகாதையுங்கோ. வளவுக்குப் பின்பக்கம் சரிவு இருக்கு, அதின்ர அடியில பள்ளமான இடத்தைப் பாருங்கோ. மலையில பெய்யிற மழை கல்லுக்கு மேலால வழிஞ்சு அங்கதான் வந்து நிக்கும். மண் கறுப்பா இருக்கும். அங்க ஏழடி போதும். கக்கூசுக்கு மேல்பக்கமாத்தான் வெட்டவேணும், கீழ்ப்பக்கம் வெட்டினா அந்த ஊத்தை எல்லாம் கிணத்துக்கை வரும். பிள்ளையளுக்கு வயித்தோட்டம் வாறது அதாலதான். கொதிக்க வைச்சு..."

பஸ் வந்து நின்றது. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பூரணி சட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. தம்பிராசா நான் முடிக்கும்வரை ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்று, எல்லாவற்றையும் கேட்டார்.

"இப்ப வாய் வருகுது," என்றார்.

மண்வெட்டியை உள்ளே எறிந்துவிட்டு ஏறினார்.